ஊர் முன் விழாதவன்

எங்கள் குப்பத்தில் ஆண்கள் மணலில் விழுவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் என் தம்பிக்கு நடந்தது பாதிதான் புரியும்.

பழவேற்காட்டுக்கு எதிர்க்கரையில், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்மேட்டில் எங்கள் ஊர். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்பதை ஊர்தான் சீட்டுப் போட்டு முடிவு செய்யும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு இருப்பவன் வீட்டில் அடுப்பு எரியும். இல்லாதவன் அடுத்தவன் படகில் கூலிக்கு ஏறலாம், இல்லையென்றால் பஸ் ஏறிப் பொன்னேரிப் பக்கம் மூட்டை தூக்கப் போகலாம். தப்புச் செய்தவனுக்கு ஊர் கொடுக்கும் பெரிய தண்டனை, பாட்டை நிறுத்துவதுதான். அது திரும்பக் கிடைக்க ஒரே வழி உண்டு. கங்கையம்மன் கோயிலுக்கு முன்னால் கூட்டம் கூடும்போது, தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, எல்லா ஆண்களுக்கும் எதிரே குப்புற விழுந்து, நெற்றி மணலில் பட, மன்னிப்புக் கேட்டு எழ வேண்டும்.

எழுந்துவிட்டால் முடிந்தது. பிறகு அந்தத் தப்பைப் பற்றி யாரும் வாயெடுக்கக் கூடாது. குடித்துவிட்டுப் போடும் சண்டையில்கூட இழுக்கக் கூடாது. இழுத்தால், இழுத்தவன் விழ வேண்டும். நல்ல வழக்கம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். எத்தனையோ பேரை அது வாழவைத்தது. என் தம்பியை மட்டும் வாழவைக்கவில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. கூட்டத்தில் ஊர்த் தலைவரான பெரியதனக்காரரும் மற்றப் பெரியவர்களும் கோரைப்பாயில் உட்கார்ந்திருப்பார்கள், ஊர் மணலில் உட்கார்ந்திருக்கும். பாயில் இருக்கிறவர் மேலேயே ஒரு புகார் வந்தால், அவர் அன்றைக்குப் பாயை விட்டு எழுந்து, மணலில் வந்து நின்று பதில் சொல்ல வேண்டும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, அடுத்தவன் பாட்டில் வலை போட்டதாகப் பெரியதனக்காரர் மேலேயே புகார் வந்தது. மனிதர் உடனே எழுந்து மணலுக்கு வந்தார். தப்பை ஒப்புக்கொண்டு விழுந்தார். எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு போய் மறுபடி பாயில் உட்கார்ந்தார். எங்கள் அப்பா அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். "குத்தம்னு வந்தா பாய உட்டு எழுந்துக்கணும். அவன்தான் பெரிய மனுஷன்" என்பார். உலகத்தில் பாய் போட்டு உட்கார்ந்திருக்கிற எல்லோரும் அப்படி எழுந்துவிடுவார்கள் என்று அந்த மனிதர் நம்பினார்.

தம்பி பட்டாளத்துக்குப் போனது எழுபதுகளின் பின்பாதியில். முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்த வருடம். கடல்தண்ணீர் ஏரிக்குள் வராமல் இறால் அற்றுப்போயிருந்தது. அவனுக்கு அப்போது இருபது வயது. மெட்ராசில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, விளையாட்டாகப் போனான். துடுப்புப் போட்ட மார்பு, அளவெடுத்தவனே அசந்துபோனானாம். எங்கள் குப்பத்திலிருந்து முதலில் பட்டாளத்துக்குப் போனவன் அவன்தான். படகேற்றும்போது பெரியதனக்காரரே வந்து மாலை போட்டார். நைனா பழவேற்காட்டு மார்க்கெட்டில் மீன் விற்கும்போதுகூட, "எம் புள்ள மிலிட்டரி" என்று சொல்லிவிட்டுத்தான் விலை சொல்வார். அம்மா போய்ச் சேர்ந்து வெகு நாள் ஆகியிருந்தது. அவனை வளர்த்தவள் நான். இரண்டு வீடு தள்ளித்தான் என்னைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவன் போன அன்றைக்கு அழுகையும் வந்தது, கர்வமும் வந்தது. இரண்டையும் மறைக்கத் தெரியாமல், கரையில் நின்ற எல்லோரையும் காரணமில்லாமல் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள் நல்ல வெயில் நேரத்தில் திரும்பி வந்தான். நான் மணலில் கோணி விரித்து இறால் காயவைத்துக்கொண்டிருந்தேன். நிழல் தட்டியது. நிமிர்ந்தால் இவன். காக்கிக் கால்சட்டை, மேலே யாருடையதோ ஒரு சட்டை. கையில் பெட்டி இல்லை.

"இன்னாடா, லீவா?"

"இல்லக்கா. வந்துட்டேன்."

அவ்வளவுதான் சொன்னான். அவன் வேறு ஆளாக வந்திருந்தான். உட்கார்ந்தால் முதுகை மண்சுவரில் ஒட்டவைத்துக்கொண்டுதான் உட்காருவான். தூங்குவதும் அப்படித்தான். சின்ன வயதில் குப்புறப் படுத்துத் தூங்குகிறவன். அம்மா அதற்காக அவனைத் திட்டியது எனக்கு நினைவிருக்கிறது. ஏரியில் ஆண்கள் குளிக்கும் நேரத்துக்கு அந்தப் பக்கமே போகமாட்டான். யாராவது பின்னாலிருந்து தோளில் கை போட்டால் துள்ளி எழுந்துவிடுவான். கூட்டாளிகள் அதைக் கண்டுபிடித்து விளையாட ஆரம்பித்தார்கள். நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அவர்களை விரட்டினேன்.

இரண்டு மூன்று நாள் போயிருக்கும். இறாலில் பொடியும் குப்பையும் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். நீ என் மூஞ்சிய பாக்காதே. எறாவயே பாத்துகினு இரு."

"சரி, சொல்லு."

"அங்க எங்களுக்கு மேல ஒருத்தன் இருக்கான். பயிற்சி குடுக்கற அவில்தாரு. பொம்பளைங்கள பலவந்தம் பண்ணுவானுங்களே… அத்த எனக்குப் பண்ணிட்டான்க்கா. ஒரு தபா இல்ல."

நான் இறாலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன் என்றால் அதற்குக் காரணம் பொறுமை இல்லை. நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பெண்களுக்கு நடந்தால் அது இன்னதென்று எங்களுக்குத் தெரியும். யாரிடம் சொல்வது, யாரிடம் மறைப்பது, எந்தக் கஷாயம் போடுவது எல்லாம் தெரியும். ஆணுக்கு நடந்தால் மறைப்பதற்குக்கூட எங்களிடம் ஒரு வார்த்தை இல்லை. அந்த ஆளை எங்கள் அரிவாள்மணையில் வைத்து நறுக்க வேண்டும் என்று தோன்றியது. அதை வெளியே சொல்லவும் செய்தேன். தம்பி சிரிக்கவில்லை.

"அங்க யார்கிட்டயாவது சொன்னியாடா?"

"மேல இருக்கற ஆபீசர்கிட்ட இன்னா சொல்லணும்னாலும் மொதல்ல அவன்கிட்டதான் கேக்கணும். அவன்தான் கூட்டிகினு போவணும். அதான் அங்க முறை. எனக்கு முன்னாலயும் ஒருத்தன் ஓடினான்க்கா. தேடிப் புடிச்சி இட்டாந்தாங்க. ஏன்டா ஓடினேன்னு யாரும் கேக்கல."

அதற்குள் ஸ்டேஷனிலிருந்து போலீஸ்காரர் ஒருவர் படகேறி வந்துவிட்டார். நேராகப் பெரியதனக்காரர் வீட்டுக்குப் போய், "உங்க ஊர்ப் பையன் மிலிட்டரிய உட்டு ஓடியாந்துட்டான். ஒழுங்கா திருப்பி அனுப்பிச்சுடுங்க. இல்லன்னா நான் ஆளுங்களோட வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் குப்பத்துக்குப் போலீஸ் வருவது என்றால் ஊருக்கே தலைகுனிவு. எங்கள் வழக்கை நாங்களே தீர்த்துக்கொள்வோம் என்பதில் அவ்வளவு பெருமை எங்களுக்கு. அன்று சாயங்காலமே கூட்டம் என்று ஆள் விட்டுச் சொன்னார்கள்.

கூட்டத்துக்கு முன்னால் நைனாவை ஏரிக்கரையில் தனியாகப் பிடித்தேன். தம்பி என்னிடம் சொன்னதை என்னால் முடிந்தவரை உடைத்துச் சொன்னேன்.

"அடிச்சானுங்களா?" என்றார்.

"அடி இல்ல நைனா. பொண்ணுங்களுக்குப் பண்றத அவனுக்குப் பண்ணிட்டான் ஒருத்தன்."

நைனா ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஆம்பளைக்கு அதெல்லாம் நடக்காது. அடிச்சிருப்பானுங்க. சொல்ல வெக்கப்பட்டுகினு வேற மாரி சொல்றான்" என்றார். நான் சொன்னது அவர் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. உள்ளே விட்டிருந்தால் அந்த மனிதரால் அன்றைக்கு எழுந்து நடந்திருக்க முடியாது. இப்போது அது எனக்குப் புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை. "உனக்கு மண்டைல இன்னா மணலா?" என்று கேட்டுவிட்டேன். அதற்கும் அவர் கோபப்படவில்லை.

கூட்டத்தில் பெண்கள் உட்கார முடியாது. காயப்போட்ட வலைகளுக்குப் பின்னால் நின்று கேட்கலாம். நின்று கேட்டேன். நைனா எழுந்து, பையனை அங்கே ஒருவன் அடித்துவிட்டான், அதனால் ஓடி வந்துவிட்டான் என்றார். தம்பி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனிடம், "அடிச்சானா?" என்று கேட்டார்கள். அத்தனை ஆண்களுக்கு நடுவில் அவன் என்ன சொல்வான்? "ஆமா" என்றான்.

பெரியதனக்காரர் நியாயமான மனிதர். யோசித்துத்தான் பேசினார். "அடிச்சது தப்புதான். ஆனா நம்ம ஊர்லயே பாரு, கூட்டம் கூப்பிட்டு வராம ஓடிப் போனவன் மேலதான் குத்தம் நிக்கும். நின்னு பதில் சொன்னவன் பக்கம்தான் ஊர் பேசும். இவன் ஓடியாந்துட்டதால அடிச்சவன் நல்லவனாயிட்டான். அங்கயும் பெரிய மனுஷங்க இருப்பாங்க. அப்பனே கூட்டிகினு போயி, இன்ன மாரி எம் புள்ளைக்கு நடந்துச்சுன்னு அவங்க எதிர்ல நிக்கவெச்சு கேக்கட்டும். குத்தவாளி பாய்ல இருக்கறவனா இருந்தாலும் எழுந்துதானே ஆவணும்?"

ஊர் முழுக்க ஆமாம் என்றது. அதில் கெட்டவன் ஒருவன்கூட இல்லை. அத்தனை பேரும் அவனுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்றுதான் அனுப்பினார்கள்.

நான் வலைக்குப் பின்னாலிருந்து கத்தினேன். "மாமா, அவன அனுப்பாதீங்க! அந்தப் பாவிகிட்டயே திருப்பி அனுப்பறீங்க!" பெரியதனக்காரர் என் பக்கம் திரும்பாமலே, "பொம்பள சத்தம் கூட்டத்துல வாணாம்" என்றார். என் வீட்டுக்காரர் எழுந்து வந்து என் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். அவரும் நல்லவர்தான்.

மறுநாள் காலையில் நைனா வெள்ளை வேட்டி கட்டி, தம்பிக்குத் துவைத்த சட்டை போட்டு, அவனையும் கூட்டிக்கொண்டு படகேறிப் பழவேற்காட்டுக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் பொன்னேரி போய்ப் பட்டாள முகாமுக்கு ரயிலேறினார். தம்பி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவனைப் படகிலிருந்து இறக்கியிருப்பேன். இறக்கி எங்கே ஒளித்துவைத்திருப்பேன் என்று கேட்டால், தெரியாது. மணல்மேட்டில் ஒளிந்துகொள்ள என்ன இருக்கிறது?

நைனா திரும்பி வந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. முகாம் கேட்டில் நின்று, "பெரியதனக்காரர பாக்கணும்" என்று கேட்டாராம். காவலுக்கு நின்றவனுக்குத் தமிழ் தெரியவில்லை. உள்ளே ஆள் அனுப்பித் தமிழ் தெரிந்த ஒருவரை வரவழைத்தார்களாம்.

"நம்ம பாஷ பேசற ஆளு. இன்னா மரியாத தெரியுமா? பெரியவரேன்னு கூப்ட்டு, எதிர்ல கடைக்கு இட்டுகினு போயி டீ வாங்கிக் குடுத்தாரு. நான் எல்லாத்தையும் சொன்னேன். எங்க ஊர்ல குத்தம்னா எதிராளிய நிறுத்திதான் கேப்போம், இங்கயும் அப்பிடி கேக்கணும்னேன். கண்டிப்பா கேப்போம் பெரியவரேன்னாரு. தம்பி தோள் மேல கை போட்டு, அவரே உள்ள இட்டுகினு போனாரு. அந்த மாரி மனுஷன் இருக்கறப்ப நமக்கு இன்னா பயம்?"

ஊரில் பார்த்தவர்களிடமெல்லாம் அந்த டீயைப் பற்றிச் சொன்னார். ஏலக்காய் போட்டிருந்ததாம்.

அதற்குப் பிறகு தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அடுத்த ஆடி போய், அதற்கு அடுத்த ஆடியும் நெருங்கும்போது வந்தான். வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். அவன் உடம்பு பாதியாகியிருந்தது. ஊர் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் தரவும் இல்லை. என் வீட்டுக்காரர் தன் படகில் அவனைக் கூலிக்கு ஏற்றிக்கொண்டார். படகின் முன்முனையான அணியத்தில் ஓர் ஓரமாக, எல்லோருக்கும் முகம் காட்டி, படகு போகும் திசைக்கு முதுகு காட்டி உட்காருவானாம். தன் பின்னால் தண்ணீரைத் தவிர யாரும் இருக்கக் கூடாது அவனுக்கு.

கொஞ்சம் கொஞ்சமாக என்னிடம் சொன்னான். எப்போதும் நான் ஏதாவது வேலையாக இருக்கும்போதுதான் சொல்வான். அந்த முறை அவனைக் கேட்டிலிருந்து உள்ளே அழைத்துப்போனது யார் என்பதை நான் மடவை மீனுக்குச் செதில் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொன்னான்.

"நைனாவுக்கு டீ வாங்கிக் குடுத்தாரே ஒருத்தரு. அவன்தான்க்கா அது."

கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

"நைனாகிட்ட சொல்லாதே" என்றான். "தாங்கமாட்டாரு."

விடுப்பு இல்லாமல் ஓடியதற்காக அடைத்துவைத்தார்களாம். பிறகு ஆபீசர் முன்னால் நிறுத்தினார்கள். நிறுத்த அழைத்துப்போனவனும் அவனே. தம்பிக்குப் பின்னால், மூச்சு கழுத்தில் படும் தூரத்தில் அவன் நின்றிருக்கிறான். ஆபீசர் கேட்டது ஒரே கேள்வி: ஏன் ஓடினாய்? தம்பி பேசவில்லை. பேசாததையும் ஒரு குற்றமாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

எனக்குப் பட்டாளத்தைப் பற்றி என்ன தெரியும்? எட்டாவது வரை படித்தவள், பிறகு பால்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியவள். ஆனால் இத்தனை வருடமாக ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவ்வளவு பெரிய படையில், அந்த ஆளைத் தாண்டிப் போக ஒரு வழி இருந்திருக்கக் கூடாதா? அவனுக்கு மேலும் இல்லாத, கீழும் இல்லாத, அவனோடு உட்கார்ந்து சாப்பிடாத ஒருவரிடம் பையன்கள் நேராகப் போய்ப் பேச ஒரு கதவு? ஒரு டாக்டராவது தனியாக உட்காரவைத்து, 'என்னப்பா ஆச்சு' என்று கேட்டிருக்கக் கூடாதா? ஒரே ஆளுக்குக் கீழேயிருந்து பையன்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். வலையில் ஒரே இடத்தில் மீன் தப்பிக்கொண்டே இருந்தால் நாங்கள் மீனைத் திட்டமாட்டோம், வலையைத்தான் தூக்கிப் பார்ப்போம். அவர்கள் ஓடியவர்களை மட்டும் பிடித்துக் கொண்டுவந்தார்கள். இதையெல்லாம் யாரிடம் சொல்வது? நான் சொல்வதைக் கேட்க அன்றைக்கும் யாரும் இல்லை. இப்போது பட்டாளத்தில் இதற்கெல்லாம் சட்டம் வந்துவிட்டது, விசாரணை இருக்கிறது என்கிறார்கள். வந்திருந்தால் சந்தோஷம். கேட்டுக்குப் போய் நின்றால் யார் வெளியே வருவார்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

எண்பதுகள் பிறந்து, முகத்துவாரம் திறந்து, இறால் மறுபடி ஏறியது. வியாபாரிகள் ஐஸ் பெட்டியோடு கரைக்கே வந்தார்கள். ஊரில் ஓட்டு வீடுகள் எழும்பின. சீட்டுப் போடும் சமயம் வந்தபோது நைனா, "பையனுக்குப் பாடு கேக்கலாம்" என்றார். தம்பிக்கும் ஆசை வந்தது. அவன் திரும்பி வந்ததிலிருந்து எதற்காவது ஆசைப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான். பழைய சுத்துவலையை எடுத்துவைத்துக்கொண்டு பொத்தல் அடைத்தான். "சொந்தப் பாடுன்னா தனியா போவலாம்க்கா. கூட ஒருத்தர் ரெண்டு பேர், நம்மாளுங்க. அது போதும்" என்றான். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்: யாருக்கும் கீழே இல்லாத கொஞ்சம் தண்ணீர்.

கூட்டத்தில் பெரியதனக்காரர் மனப்பூர்வமாகச் சம்மதித்தார். "இவனும் நம்ம புள்ள. குடுத்துடலாம். ஆனா இவனால ஊருக்குள்ள போலீஸ் வந்துச்சு. அது ஒண்ணு நிக்குது. ஊர் முன்னால விழுந்து எழுந்துட்டா முடிஞ்சுது. அப்புறம் எவனும் வாயத் தொறக்கக் கூடாது."

எல்லோர் முகத்திலும் சிரிப்பு. அது தண்டனையே இல்லை, அவர்களைப் பொறுத்தவரை அது ஒரு வரவேற்பு. நான் வலைக்குப் பின்னால் நின்றிருந்தேன். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

தம்பி எழுந்து போனான். துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். முழங்காலை மடக்கினான். முன்னால் பாயில் பெரியவர்கள், இரண்டு பக்கமும் ஆண்கள், பின்னாலும் ஆண்கள். ஒருமுறை திரும்பிப் பின்னால் பார்த்தான். ஒரு கையை மணலில் ஊன்றினான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை. எழுந்து நின்றுவிட்டான்.

"இன்னாப்பா?" என்றார் பெரியதனக்காரர்.

"நின்னுகினே கேக்கறேன். மன்னிச்சுடுங்க."

"நின்னுகினு கேக்கறது வழக்கம் இல்லப்பா. நானே விழுந்தவன்."

"என்னால முடியாதுங்க."

சிரிப்பெல்லாம் போய்விட்டது. பட்டாளத் திமிர் என்று ஒருவன் சொன்னான். ஊர் அவ்வளவு மட்டமாகிவிட்டதா என்று இன்னொருவன் கேட்டான். தம்பி கண்ணை மூடிக்கொண்டு நின்றான். நான் வலையை விலக்கிக்கொண்டு உள்ளே போயிருப்பேன். போய், அத்தனை பேர் முன்னாலும் நடந்ததைச் சொல்லியிருப்பேன். ஆனால் அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று. அவன் வாழ்க்கையில் அவன் சம்மதத்தைக் கேட்டு நடந்தது மிகக் கொஞ்சம். அதிலும் நான் கைவைக்கக் கூடாது என்று நின்றுவிட்டேன்.

அப்போது நைனா எழுந்தார். "எம் புள்ளைக்குப் பதிலா நான் விழறேன்" என்று சொல்லிவிட்டு, அறுபது தாண்டிய உடம்போடு முட்டியைப் பிடித்துக்கொண்டு மணலில் இறங்கிக் குப்புற விழுந்தார். நெற்றி மணலில் பட்டது. மன்னிப்புக் கேட்டார். எழ முடியாமல் இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். ஊருக்கு அது போதுமாக இருந்தது. பாடு கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தோம். நான் அடுப்பு மூட்டி டீ போட்டு, நைனா கையில் டம்ளரைக் கொடுத்தேன். தம்பி வழக்கம்போல மண்சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தான். நைனாவுக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான். நெற்றியில் இன்னும் மணல் ஒட்டியிருந்தது.

"ஏன்டா, கீழ படுத்து எழுந்துக்க ஒரு நிமிஷம் ஆவுமா? கண்ண மூடிகினு படுத்து எழுந்துட்டா முடிஞ்சுது. உனக்கு இன்னாடா கொறஞ்சு போவப்போவுது?"

தம்பி மெதுவாகச் சொன்னான்.

"அங்கயும் இதேதான் நைனா சொன்னான்."

"எவன்?"

தம்பி என்னைப் பார்த்தான்.

"உனக்கு டீ வாங்கிக் குடுத்தானே. அவன்."

நைனா தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஏரிக்கரையில் நான் சொன்னது, இத்தனை வருடம் கழித்து அப்போதுதான் உள்ளே போனது. அது போவதை நான் கண்ணால் பார்த்தேன். பிறகு கையிலிருந்த டம்ளரைக் குனிந்து பார்த்தார். கீழே வைத்தார்.

நைனா விழுந்து வாங்கிய பாடு சீட்டுப்படி வந்த நாளில் தம்பி கரைக்குப் போகவில்லை. வலை அப்படியே கிடந்தது. நைனாவும் போகச் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் கீழே வைத்த டம்ளரை நான்தான் எடுத்து, மீதி டீயை மணலில் ஊற்றிவிட்டுக் கழுவினேன்.